மாலை கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கறுப்பு வேட்டிகள் தென்படத் தொடங்கும். லேத் பட்டறையிலும் பிரஸ் ஷாப்பிலும் லோடு வண்டிகளின் அருகிலும் கழுத்தில் துளசி மாலையோடு ஆட்கள் நிற்பார்கள். நேற்று இரவு வரை நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதியவர், இன்று காலையிலிருந்து ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. கூட வேலை செய்பவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ‘சாமி’ என்கிறார்கள். டீக்கடையில் அவர் வந்து நின்றால், புகைத்துக்கொண்டிருப்பவர் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கிறார். ஒரு மண்டலம், அதாவது 41 நாள், இப்படியே கழிகிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றோ மறுநாளோ, அவர்களில் பலர் அதே பெட்டிக்கடையில் அதே பிராண்டை வாங்கிப் பற்றவைக்கிறார்கள்.

ஆண்டுதோறும் நடக்கும் இதைப் பார்ப்பவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ‘நினைச்சா விட முடியுது பாத்தியா, இதுக்கு எதுக்கு டாக்டரும் மருந்தும், மனசுல உறுதி இருந்தா போதும்’ என்பது முதல் முடிவு. ‘41 நாள் விட்டும் திரும்பப் பிடிக்கிறான்னா இவனுக்கெல்லாம் என்ன செஞ்சாலும் நிக்காது’ என்பது இரண்டாவது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டின் அடியிலும் ஒரே நம்பிக்கைதான் கிடக்கிறது. புகைப்பதும் விடுவதும் அந்தத் தனிமனிதனின் வைராக்கியத்தைப் பொறுத்தது, மற்றவர்களுக்கு அதில் வேலை இல்லை என்ற நம்பிக்கை. இந்த அத்தியாயம் அதை மறுக்கிறது. அந்த மனிதர் 41 நாள் விட்டது, எட்டுத் திசையிலிருந்தும் அவருக்கு உதவி கிடைத்ததால். மீண்டும் தொட்டது, அத்தனை உதவியும் ஒரே நாளில் விலக்கிக்கொள்ளப்பட்டதால். இப்படிச் சொல்வதற்கான சான்றுகள் கொஞ்சம் ஆய்வகங்களிலும் கொஞ்சம் தொழிற்சாலைகளிலும் கிடைக்கின்றன. இந்தத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே, அயப்பாக்கத்திலும் ஒன்று இருக்கிறது.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். உள்ளிழுத்த புகையில் உள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 வினாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. ஊசி வழியே இரத்தக்குழாயில் ஏற்றினால்கூட இவ்வளவு வேகமாகப் போகாது. அங்கே நரம்பணுக்களின் மேல் உள்ள ஏற்பிகளில் அது அமர்ந்ததும் டோபமின் சுரக்கிறது; ‘இது நல்லது, மறுபடி செய்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. 2006-இல் வெளியான ஒரு மூளைப் படப்பதிவு ஆய்வு, ஒன்றிரண்டு இழுப்பிலேயே இந்த ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுவதையும், ஒரு முழு சிகரெட்டுக்கு 88 விழுக்காடு நிரம்புவதையும் காட்டியது. தொடர்ந்து நிக்கோட்டின் வந்துகொண்டே இருந்தால் மூளை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ரேஷன் கடையில் அட்டைகள் பெருகுவது போலத்தான் இது. சரக்கு வராத நாளில் வரிசையில் நிற்கும் வாய்கள் அதிகம். இரத்தத்தில் நிக்கோட்டினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், இரவு முழுக்கத் தூங்கி எழும் புகைப்பழக்கக்காரர் ஒவ்வொரு காலையும் பட்டினியோடுதான் கண் விழிக்கிறார். அந்த முதல் சிகரெட் தரும் ‘சுகம்’ பெரும்பாலும் அந்தப் பட்டினி தீர்வதுதான். எழுந்து ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைப்பவர், அரை மணி கழித்துப் பற்றவைப்பவரைவிட ஆழமாகச் சிக்கியவர் என்று மருத்துவர்கள் கணிப்பதற்கும் இதுவே காரணம்.

விட்டவுடன் வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், காரணமில்லாத கோபம் ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிகின்றன. பெருகிய ஏற்பிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகிறது. இங்கே மண்டலக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 41 நாள் என்பது ஆறு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. மாலை கழற்றும் நாளில் அந்த மனிதருடைய உடம்பு கடினமான பகுதியைத் தாண்டி வந்துவிட்டது. இரத்தத்தில் நிக்கோட்டின் இல்லை, எரிச்சல் அடங்கியிருக்கிறது, ஏற்பிகள் குறையத் தொடங்கியிருக்கின்றன. ஆகவே, அன்று அவர் பற்றவைக்கும் சிகரெட்டுக்கு வேதியியல் பட்டினி மட்டும் காரணமாக இருக்க முடியாது. டீ கிளாஸ் கைக்கு வந்ததும் மறு கை எதையோ தேடுகிறது. பத்தரை மணி இடைவேளை, ஷிப்ட் முடிந்த சங்கு, சூப்பர்வைசர் திட்டிய பிறகான ஐந்து நிமிடம் என்று ஒவ்வொன்றோடும் பல்லாயிரம் முறை புகை முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. மண்டலம் அந்த முடிச்சுகளை மறைத்து வைத்தது, அவிழ்க்கவில்லை. அவிழ்ப்பதற்கு வேறு பயிற்சி வேண்டும்.

தனியாக, எந்த உதவியும் இல்லாமல் ஒரு நாள் சபதம் எடுத்து விடுபவர்களில், ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை தொடாமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் சொல்லப்பட்ட கணக்கு இது. அவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள்ளேயே வழுக்கிவிடுகிறார்கள். இந்த எண்ணை மற்ற எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1979-இல் மைக்கேல் ரஸ்ஸலும் அவருடைய குழுவினரும் லண்டனில் 28 குடும்ப மருத்துவர்களிடம் வந்த 2,138 புகைப்பழக்கக்காரர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லாமல் அனுப்பியவர்களில், முதல் மாதத்திலேயே நிறுத்தி ஓர் ஆண்டுவரை தொடாமல் இருந்தவர்கள் 0.3 விழுக்காடு. மருத்துவர் ஓரிரு நிமிடம் பேசி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, ‘திரும்பவும் கேட்பேன்’ என்று சொல்லி அனுப்பியவர்களில் 5.1 விழுக்காடு. பார்க்கச் சிறிய எண்தான். ஆனால் அதற்கான செலவு இரண்டு நிமிடம். 2016-இல் 8,144 பேரிடம் நடந்த பன்னாட்டுச் சோதனையில் எல்லோருக்கும் ஆலோசனை தரப்பட்டது. மருந்து மட்டும் வேறுபட்டது. ஆறு மாத முடிவில் போலி மாத்திரை பெற்றவர்களில் 9.4 விழுக்காட்டினரும், நிக்கோட்டின் ஒட்டு பெற்றவர்களில் 15.7 விழுக்காட்டினரும், வரெனிக்ளின் என்ற மாத்திரை பெற்றவர்களில் 21.8 விழுக்காட்டினரும் விட்டிருந்தார்கள். போலி மாத்திரைக்காரர்களின் எண்ணைக் கவனியுங்கள். சோதனைக்கு வர ஒப்புக்கொண்டவர்கள் சற்றுக் கூடுதல் முனைப்பு உள்ளவர்களாக இருக்கலாம். அதைக் கழித்தாலும், யாரோ ஒருவர் தொடர்ந்து கூப்பிட்டு விசாரிப்பதற்கென்று ஒரு பலன் இருப்பது தெரிகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. ஆஸ்திரேலியப் பொதுச் சுகாதார அறிஞர் சைமன் சாப்மன் 2010-இல் எழுதிய கட்டுரையில், உலகெங்கும் புகையை விட்டவர்களில் பெரும்பாலோர் எந்த உதவியும் இல்லாமல் விட்டவர்களே என்று எடுத்துக் காட்டினார். மருந்துக் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் இந்த உண்மையை மறைக்கின்றன என்றும், ‘உன்னால் தனியாக முடியாது’ என்று சொல்லிச் சொல்லியே மக்களைப் பயமுறுத்துகிறோம் என்றும் அவர் வாதிட்டார். அவர் சொல்லும் தகவல் சரிதான். நம் தெருவிலும், விட்டவரைக் கேட்டால் ‘நானாத்தான் விட்டேன்’ என்பார். ஆனால் இந்தத் தகவலிலிருந்து எடுக்கும் முடிவில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. ஆயிரம் பேர் விட முயல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 900 பேர் தனியாக முயல்கிறார்கள். நூற்றுக்கு நாலு வீதம் 36 பேர் தேறுகிறார்கள். மீதி 100 பேர் உதவியோடு முயல்கிறார்கள். நூற்றுக்குப் பதினைந்து வீதம் 15 பேர் தேறுகிறார்கள். தேறிய 51 பேரில் 36 பேர் தனியாக விட்டவர்கள், ஆகவே தனியாக விடுவதே சிறந்த வழி என்று சொன்னால் எப்படி? தோற்ற 864 பேரை யாரும் பேட்டி எடுக்கவில்லை. திருச்சிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, பஸ் வேண்டாம் என்று முடிவு கட்டுவது போன்றது இது.

இந்தியாவில் இந்தப் பிழைக்கு இன்னும் இடம் அதிகம். 2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்பவர்களில் 55 விழுக்காட்டினர் விடும் எண்ணத்தோடு இருக்கிறார்கள். 38 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முந்தைய ஓராண்டில் ஒருமுறையாவது விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அப்படி முயன்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் எந்த உதவியையும் நாடவில்லை. எண்ணத்துக்குக் குறைவில்லை என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புகைப்பழக்கக்காரர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வொன்று, ஒருவர் முழுமையாக விடுவதற்கு முன் சராசரியாக 30 முறையோ அதற்கும் மேலோ முயல நேரிடலாம் என்று 2016-இல் மதிப்பிட்டது. முப்பது முறை தோற்று எழும் மனிதரிடம் உறுதி இல்லை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? சாப்மனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: தனியாக விட விரும்புகிறவரைத் தடுக்கக் கூடாது, அவருடைய வழியைக் குறைத்துப் பேசவும் கூடாது. பழக்கம் மேலோட்டமாக இருப்பவர்கள் பலர் அப்படி விட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

இனி மாலைக்கு வருவோம், ஏனென்றால் ‘மாலை போட்டால் நிற்கிறதே’ என்பது சாப்மனின் வாதத்தைவிட நம் ஊரில் செல்வாக்கானது. விரதத்தில் அந்த மனிதருக்குக் கிடைப்பவற்றைப் பிரித்துப் பாருங்கள். விடும் நாள் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. அது ஊரறிய நடக்கிறது. கழுத்தில் மாலையே சாட்சி. அனுபவப்பட்ட ஒருவர், குருசாமி, மாலை போட்டுவிட்டு அடிக்கடி விசாரிக்கிறார். துணைக்குக் கன்னிச்சாமிகளும் மூத்தவர்களுமாக ஒரு கூட்டம் இருக்கிறது. அதிகாலையில் எழுந்து குளிர்ந்த நீரில் குளிப்பது, மாலையில் பஜனை என்று, சிகரெட் இருந்த நேரங்களில் வேறு வேலைகள் வந்து உட்காருகின்றன. மதுவும் கூடவே நிற்கிறது; குடிக்கும் இடம் புகைக்கும் இடமாகவும் இருப்பதால் இது சிறிய விஷயம் அல்ல. எதிரே இருப்பவர்கள் ‘ஒண்ணு இழு’ என்று நீட்டுவதில்லை. புகையிலை விடுதலை மையம் ஒன்றின் கையேட்டைத் திறந்தால் ஏறக்குறைய இதே பட்டியல் இருக்கும்: நாள் குறித்தல், நான்கு பேரிடம் அறிவித்தல், ஆலோசகரின் தொடர் அழைப்பு, குழு, தூண்டும் சூழலைத் தவிர்த்தல், மாற்றுப் பழக்கம். ரமலான் மாதத்தில் பகல் முழுதும் புகைக்காமல் இருப்பவருக்கும் இதில் பாதியாவது கிடைக்கிறது. ஆக, மாலை காட்டுவது தனிமனித வைராக்கியத்தின் வலிமையை அல்ல. ஒருவரைச் சுற்றி ஊரே ஒத்துழைத்தால் அதே வைராக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பதை. அதே மனிதர் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தனியாக எடுத்த சபதம் புதன்கிழமையைத் தாண்டாததற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது.

விரதத்தில் இல்லாதவை இரண்டு. ஒன்று மருந்து. மற்றொன்று, முடிவுக்குப் பிந்தைய ஏற்பாடு. விரதம் தொடக்கத்திலேயே தன் முடிவுத் தேதியைச் சொல்லிவிடுகிறது. மனம் அதற்காகக் காத்திருக்கிறது. ‘இந்த மாலை கழன்றதும் என்ன செய்வேன்’ என்ற பேச்சு எங்கும் நடப்பதில்லை. அந்தப் பேச்சுத்தான் ஆலோசனையின் பெரும்பகுதி. சம்பள நாள் மாலையில் எங்கே போவீர்கள், டீயைக் கடைக்குள் உட்கார்ந்து குடிக்கலாமா, ஒருமுறை வழுக்கிவிட்டால் அடுத்த மணி நேரத்தில் யாருக்கு போன் செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு முடிச்சாக எடுப்பது அது.

மருந்தைப் பற்றியும் ஒரு மறுப்பு உண்டு: நிக்கோட்டினை விடுவதற்கு நிக்கோட்டினையே கொடுப்பதா, கள்ளை விடச் சாராயம் கொடுப்பது போல இருக்கிறதே? கேள்வி நியாயமானது. பதில் வேகத்தில் இருக்கிறது. அடிமைப்படுத்துவது நிக்கோட்டின் என்ற பொருள் மட்டுமல்ல, அது நொடிகளில் மூளையை மோதும் விதம். தோல் ஒட்டின் வழியே அது மணிக்கணக்கில் மெல்லக் கசிகிறது. பட்டினியைத் தணிக்கிறது, ஆனால் அந்த மோதல் இல்லை. ஆளைக் கொல்லும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் அறவே கிடையாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் அளவைக் குறைத்து நிறுத்திவிடலாம். நிக்கோட்டின் மாற்று மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள், விடும் வாய்ப்பை அவை ஒன்றரை மடங்காக்குவதாகச் சொல்கின்றன. 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், 2022-இல் இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் இவை இடம்பெற்றன.

ஆனால் ‘அந்த கம் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல’ என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் 2 மில்லிகிராம் கம்மை வாங்கி, சாதாரண சூயிங் கம் போல மென்று தள்ளினால், நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் நெஞ்செரிச்சலும் வருமே தவிர, மூளைக்கு எதுவும் போகாது. சில முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்தால் மறுபடி மெல்ல வேண்டும். வெற்றிலை ஒதுக்கிப் பழகிய நாட்டில் இதை விளக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை. அதோடு, அமிலத்தன்மை உள்ள எதுவும் வாயில் இருந்தால் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. காபியோ குளிர்பானமோ குடித்த கையோடு கம் போட்டால் அது வீண். கால் மணி நேரம் இடைவெளி வேண்டும். டீக்கடைப் பக்கம் இன்னொரு புதிரும் உண்டு. புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி காஃபினை வேகமாக எரிக்கச் செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் தணிந்து, அதே அளவு டீக்கு இரத்தத்தில் காஃபின் இரண்டு மடங்குக்கும் மேல் தேங்குகிறது. நாளுக்கு ஆறு டீ குடிக்கும் இரவு ஷிப்ட்காரர் படபடப்போடு தூக்கம் கெட்டுத் தவிப்பார். ‘சிகரெட் இல்லாததால்தான் இப்படி’ என்று நினைத்துத் திரும்பப் பற்றவைப்பார். மூன்று டீயாகக் குறையுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த முயற்சி பிழைத்திருக்கலாம். உதவி என்று இந்த அத்தியாயம் சொல்வது பெரும்பாலும் இத்தகைய சின்னச் சின்ன அறிவுதான்.

இந்த எண்களில் பெரும்பாலானவை வெளிநாடுகளில் எடுத்தவை, இங்கே பொருந்துமா என்று கேட்கலாம். கேரளத்தில் 224 ஆண் நீரிழிவு நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான சோதனையில் எல்லோருக்கும் மருத்துவர் ‘விடுங்கள்’ என்றார். பாதிப் பேருக்கு மட்டும், பயிற்சி பெற்ற மருத்துவரல்லாத ஊழியர் ஒருவர் கூடுதலாக உட்கார்ந்து பேசினார். ஆறு மாதம் கழித்து, முந்தைய ஏழு நாளில் புகைக்கவில்லை என்றவர்கள் மருத்துவர் சொல் மட்டும் கேட்டவர்களில் 12.5 விழுக்காடு, ஊழியரோடும் பேசியவர்களில் 51.8 விழுக்காடு. இரண்டாவது எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரியதாக இருக்கிறது. நோயாளிகள் தாங்களே சொன்னது என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நீரிழிவு பயமும் ஒரு உந்துதல். பாதியாகக் கழித்தாலும் வேறுபாடு மீதி நிற்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 20 முதல் 40 வயதுள்ள ஆண்களிடையே, குழுவாகக் கூட்டிப் பேசும் முறையைச் சோதித்து 2012-இல் வெளியான ஆய்விலும், பேச்சு நடந்த கிராமங்களில் விட்டவர்கள் கூடுதலாகவே இருந்தார்கள்.

அம்பத்தூருக்கு நெருக்கமான சான்று மும்பையிலிருந்து வருகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த குளோரியன் சோரன்சனும் இந்திய ஆய்வாளர்களும் மும்பை வட்டாரத்தில் 20 உற்பத்தித் தொழிற்சாலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதித் தொழிற்சாலைகளில் புகையிலை விடும் திட்டம் தனியாக நடக்கவில்லை. தொழிற்சாலையின் தூசு, புகை, வேதிப்பொருள் அபாயங்களைக் குறைக்கும் வேலையோடு சேர்ந்தே நடந்தது. 2017-இல் வந்த முடிவின்படி, அந்தத் தொழிற்சாலைகளில் 30 நாளாகப் புகையிலையைத் தொடாதவர்கள் மற்றவற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆறு மாதக் கணக்கில் வேறுபாடு அத்தனை தெளிவாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே எண்ணத்தை அவர் முன்பு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 15 தொழிற்சாலைகளில் சோதித்திருந்தார். அங்கே மணிக்கூலித் தொழிலாளர்களில் விட்டவர்கள், உடல்நலப் பிரசாரம் மட்டும் நடந்த இடங்களில் 5.9 விழுக்காடு, பணியிடப் பாதுகாப்பும் சேர்ந்த இடங்களில் 11.8 விழுக்காடு.

ஏன் இப்படி? முலாம் பூசும் பட்டறையில் அமில ஆவியை எட்டு மணி நேரம் சுவாசிப்பவரிடமும், கிரைண்டிங் தூசிக்குள் நிற்பவரிடமும், ‘புகை நுரையீரலுக்குக் கெடுதி’ என்று சுவரொட்டி ஒட்டினால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? நுரையீரலைப் பற்றி முதலாளிக்கு அக்கறை இருந்தால் முதலில் அந்த எக்ஸாஸ்ட் விசிறி ஓட வேண்டும். அது ஓடத் தொடங்கினால் சுவரொட்டியில் உள்ளதையும் காதில் வாங்கலாம். இதில் இன்னொரு கசப்பான உண்மையும் சேர்ந்திருக்கிறது: பல சிறு யூனிட்களில் ‘தம் அடிச்சிட்டு வரேன்’ என்பதுதான் மெஷினை விட்டு நகர, யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரே காரணம். புகைக்காதவருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடையாது. சுமார் 1,400 ஏக்கரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தர ஆலைகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு தொழிற்பேட்டையில், சிகரெட்டோடு ஓய்வையும் பறிக்கும் திட்டம் தோற்கும். ஓய்வை மிச்சம் வைக்கும் திட்டத்துக்கு வாய்ப்பு உண்டு.

உதவி என்ற சொல்லே பலருக்கு உறுத்துகிறது என்பதால், இதே சென்னை வேறொரு நோயில் உலகுக்குக் கற்றுக்கொடுத்ததை நினைவுபடுத்த வேண்டும். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில் வாலஸ் ஃபாக்ஸின் குழு, சானடோரியத்தில் படுக்க வைத்துச் சிகிச்சை தருவதும் குடிசை வீட்டில் இருந்தபடி மாத்திரை எடுப்பதும் சம பலன் தருகின்றன என்று காட்டியது; 1959-இல் வந்த அந்த முடிவு சானடோரியங்களை உலகெங்கும் மூட வைத்தது. ஆனால் அந்தக் குழு கூடவே கண்டது, நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதை. அவர்களை யாரும் உறுதியற்றவர்கள் என்று திட்டி அனுப்பவில்லை. மாத்திரையை நேரில் பார்த்துக் கொடுக்கும் முறை வடிவமைக்கப்பட்டது. பிறகு அதுவே உலகத் திட்டமாயிற்று. இரண்டு நோய்களும் எண்ணத்தில் மட்டும் சந்திக்கவில்லை. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்றும், நடுவயது ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குப் புகையே பொறுப்பு என்றும் கண்டது. உள்ளே உறங்கிக் கிடக்கும் கிருமியைப் புகை எழுப்பி விடுகிறது.

அந்தக் கற்றலின் இன்றைய தொடர்ச்சி அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கம் வீட்டு வசதி வாரியப் பகுதியிலிருந்து வருகிறது. அங்குள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் தமிழக அரசோடு சேர்ந்து 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் அடிப்படை எளிமையானது. நோய் கண்ட அன்றே உடல் எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு போன்ற சிலவற்றைப் பார்த்து, யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று பிரித்துவிடுகிறார்கள். மெலிந்து மூச்சு வாங்குபவரை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்துவதில்லை. புகைப்பவர்களுக்கும் இப்படியொரு தராசு தயாராக இருக்கிறது. ‘எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?’ என்ற ஒரு கேள்வி பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து என்பவருக்கு இரண்டு நிமிடப் பேச்சும் ஒரு தொலைபேசி எண்ணும் போதலாம். ஐந்து நிமிடத்துக்குள் என்பவருக்கு மருந்தும் தொடர் ஆலோசனையும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இன்று நம் முறை நேர்மாறாக இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பயமுறுத்தும் படம், அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே மௌனம்.

அமைப்புகளே இல்லை என்று சொல்ல முடியாது. 2002-இல் நாட்டில் முதன்முதலாக அமைந்த 13 புகையிலை விடுதலை மையங்களில் ஒன்று அடையாறு புற்றுநோய் மையத்தில் தொடங்கப்பட்டது. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண் 2016-இல் டெல்லியில் தொடங்கி, 2018-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் உட்பட மேலும் மூன்று இடங்களுக்கு விரிந்தது. தென்னக மொழிகளில் பேச அதனால் வழி பிறந்தது. கூப்பிட்டவரோடு பேச்சை முடித்துக்கொள்ளாமல், விடும் நாளைக் குறித்துக்கொண்டு ஆலோசகரே திரும்பக் கூப்பிடுவதுதான் அதன் பலம். குருசாமி விசாரிப்பது போல. 2018 செப்டம்பர் முதல் இந்த எண் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சாகிறது. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டின் பெட்டிக்கடையில் தொழிலாளி பாக்கெட் வாங்குவதில்லை, ஒற்றை சிகரெட் வாங்குகிறார். பாக்கெட் கடைக்காரரின் கையில் இருக்கிறது, எண்ணும் அங்கேயே இருக்கிறது. உதவி அவருக்கு அரை அடி தூரம்வரை வந்துவிட்டு நின்றுவிடுகிறது. மகாராஷ்டிரம் 2020-இல் உதிரி விற்பனையைத் தடை செய்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், எச்சரிக்கை வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை என்பதும் ஒன்று.

அந்த அரை அடியை வேறு வழியில் கடக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் தன்னார்வலர்களை அனுப்புகிறது. பிறகு தொழிற்சாலைகளுக்கும் அது விரிந்தது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத் தொழிலாளி இருமலோடு எப்படியும் வருகிறார். கேரளத்தில் பலன் தந்தவர் மருத்துவர் அல்லாத ஒரு ஊழியர் என்பதை இங்கே இணைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும்போதே அந்த ‘முதல் சிகரெட்’ கேள்வியையும் கேட்டு, ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அங்கேயே அவருடைய போனிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு போட்டுவிட்டால், கூச்சமும் தள்ளிப்போடுதலும் நுழைய இடமில்லை. நேரமும் பார்க்கலாம். மண்டலம் முடிந்த வாரத்தில் மலையிலிருந்து திரும்பி வந்து, இன்னும் பற்றவைக்காமல், டீ கிளாஸோடு கடை வாசலில் நிற்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், ‘நாப்பது நாளா இல்லீங்க’ என்பார். ஏற்பிகள் பாதி வழி இறங்கி வந்துவிட்ட அந்த ஆளுக்கு, வருடத்தின் மற்ற எந்த வாரத்தையும்விட அந்த வாரத்தில் செலவிடும் பத்து நிமிடம் மலிவானது.